வாள் தின்ற ஒரு நூல்

என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டு முன்னறையே என் தையல் கடை. நான் மெஷினில் உட்கார்ந்தால் அவன் காலடியில் உட்கார்ந்துகொண்டு துண்டுத் துணி, நூல் கண்டு, பட்டன் டப்பா என்று எதையாவது இழுத்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் பட்டனை வாயில் போட்டுவிட்டான். நல்லவேளை, உடனே துப்பினான். இவனுக்கென்று உருப்படியாக ஒரு விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த வாரம் ஒரு பொருட்காட்சியில் மரக்கட்டை செட் ஒன்று கண்ணில் பட்டது. முக்கோணம், உருளை, வளைவு, சதுரம் என்று 30 கட்டைகள், ஆறு வண்ணங்கள். பிளாஸ்டிக் இல்லை, மரம் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன்.

மூன்று நாள் விளையாடினான். நான்காம் நாள் கட்டைகள் மூலையில் கிடந்தன. அது போகட்டும் என்றால், அவன் கடித்த சிவப்புக் கட்டையின் சாயம் எச்சிலோடு சேர்ந்து சட்டையில் இறங்கியிருந்தது. துணியில் சாயம் போவதைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. ஒரு வெள்ளைத் துணியை நனைத்து எல்லாக் கட்டைகளையும் அழுத்தித் துடைத்தேன். சிவப்பும் மஞ்சளும் துணியில் அப்படியே ஏறின. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை.

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. இந்த இரண்டிலும் சேராத, முத்திரையும் இல்லாத வண்ணக் கட்டையை, எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்குத் தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. சாயம் ஒட்டினால் அது வேண்டவே வேண்டாம். ஒட்டவில்லை என்பதற்காக பெயின்டில் ஈயம் போன்ற நச்சு இல்லை என்று ஆகிவிடாது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் நாத்தனார் ஆடிக்கு வந்திருந்தாள். சாயக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். கேட்டுவிட்டு அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"அண்ணி, உங்க டேப்பை எடுங்க. இதுல ஏதாவது ஒரு கட்டை இன்னொரு கட்டையில சரியா பாதி இருக்கான்னு அளந்து பாருங்க."

அளந்தேன். 30 கட்டைகளில் எதுவும் எதற்கும் பாதி இல்லை, இரண்டு மடங்கும் இல்லை. ஒரே மாதிரி தெரிந்த நான்கு சதுரங்கள்கூட கனத்தில் ஒன்றுக்கொன்று மாறின. "இதை வச்சு குழந்தை என்ன கட்டும்? ரெண்டு தூண் நிறுத்தினா ரெண்டும் வேற வேற உயரம். மேல வைக்கிறது சரிஞ்சிடும். அவனுக்கு விளையாடத் தெரியலைன்னு நீங்க நினைக்கிறீங்க. கட்டைக்குத்தான் கட்ட வரலை" என்றாள். மூலையில் கிடந்த கட்டைகளை அதற்குப் பிறகுதான் நான் வேறு கண்ணால் பார்த்தேன்.

அவள் பயிற்சியில் படித்ததை அன்று ராத்திரி சொல்லிக்கொண்டிருந்தாள். 1837-ல் ஜெர்மனியில் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல். கிண்டர்கார்டன் என்ற பெயரே அவர் வைத்ததுதான். அவர் செய்த மரப்பெட்டி ஒன்றுக்குள் 2 இஞ்ச் கனசதுரம் இருக்கும். அது எட்டு 1 இஞ்ச் கனசதுரங்களாகப் பிரியும். அடுத்த பெட்டியிலும் அதே 2 இஞ்ச் கனசதுரம், ஆனால் பிரித்தால் எட்டு செங்கல் வடிவத் துண்டுகள். ஒவ்வொன்றும் 2 இஞ்ச் நீளம், 1 இஞ்ச் அகலம், அரை இஞ்ச் கனம். விளையாடி முடித்ததும் திரும்பச் சேர்த்தால் பழையபடி முழுக் கனசதுரம் ஆகிவிடும். அமெரிக்கக் கட்டடக்கலை வல்லுநர் ஃபிராங்க் லாயிட் ரைட் சின்னப் பிள்ளையாக விளையாடியது இந்தக் கட்டைகளோடுதானாம்.

ஃப்ரோபெலின் கட்டைகள் மேசைக்கானவை, சிறியவை. அவற்றைப் பெரிதாக்கித் தரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கரோலின் பிராட். தச்சு வேலை கற்ற பெண்மணி, 1914-ல் நியூயார்க்கில் ஒரு பள்ளி தொடங்கினார். அவருடைய கட்டைக்குக் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: கனம் ஒரு பங்கு, அகலம் இரண்டு பங்கு, நீளம் நான்கு பங்கு. அதையே முழுக்கட்டை என்று வைத்துக்கொண்டு அரைக்கட்டை, இரட்டைக்கட்டை, நான்குமடங்குக் கட்டை. வண்ணம் கிடையாது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கி வைக்கவில்லை. அதனால் இன்றைக்கும் எந்த ஊர்த் தச்சரும் செய்யலாம்.

"நம்ம ஊர்லயே செஞ்சுக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் ஓசூர் போய்விட்டாள்.

ஐப்பசியில் சந்தூர்ப் பக்கம் அப்பாவின் தோட்டத்தில் காய்ப்பு நின்றுபோன கிளிமூக்கு மாமரம் ஒன்றை வெட்டினார்கள். எங்கள் பக்கத்தில் பழைய மாமரம் என்றால் பேக்கிங் பெட்டிக்கும் அடுப்புக்கும்தான் போகும். நான் அடிமரத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மர மில்லில் பலகையாக அறுத்துக்கொண்டு தெருமுனைத் தச்சரிடம் போனேன். அறுபது வயதுக்காரர். எங்கள் வீட்டு நிலைப்படி அவர் கை வேலைதான். பலகையில் கையை வைத்ததும், "ஏம்மா, இது இன்னும் பச்சை. நல்லா காயட்டுமே" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. பிள்ளை வளர்ந்துகொண்டே போகிறானே என்ற நினைப்பு. கொஞ்சமாவது செய்து கொடுங்கள் என்று கெஞ்சி, 30 கட்டைகள் வாங்கி வந்துவிட்டேன்.

கார்த்திகை முடிவதற்குள் பாதிக் கட்டைகள் முறுக்கிக்கொண்டன. தரையில் வைத்தால் ஒரு மூலை தூக்கி ஆடியது. மாசியில் ஒரு நாள் பெருக்கும்போது, கட்டைக் கூடைக்குக் கீழே அரிசி மாவு சிந்தியது போல வெள்ளைத் தூள். கட்டையைத் தட்டினால் குண்டூசித் துளைகளிலிருந்து இன்னும் கொட்டியது. உளுத்துவிட்டது. மாமரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து அதிகம், அதைத் தின்னத்தான் இந்த வண்டு வருகிறது என்று தச்சர் சொன்னார். வீட்டுச் சாமான் என்றால் மருந்து அடிக்கலாம். குழந்தை வாயில் வைப்பதற்கு மருந்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பதும் வெந்நீர் அடுப்புக்குள் போயின.

மிச்சப் பலகைகள் நல்லவேளையாகத் தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் இருந்தன. இந்த முறை அவர் சொன்னபடியே செய்தேன். நிழலில், காற்றோட்டமான இடத்தில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கினோம். பலகையின் இரண்டு நுனிகளிலும் உருக்கிய மெழுகைத் தடவினோம். ஈரம் நுனி வழியாகத்தான் வேகமாக வெளியேறும், நுனி முதலில் காய்ந்தால் வெடிப்பு விடும். காய்ந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு துண்டுப் பலகையில் தேதி எழுதி, அதை வாரம் ஒரு முறை மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தேன். முதல் வாரங்களில் எடை சட்டென்று இறங்கியது, பிறகு மெதுவாக. வைகாசி கடைசியில் மூன்று வாரம் தொடர்ந்து ஒரே எடை. ஐப்பசியில் விழுந்த மரம் ஆனியில் இழைப்புளிக்கு வந்தது. தச்சர் வெள்ளைப் பகுதியை முழுக்கச் சீவித் தள்ளிவிட்டு, உள்மரத்தை மட்டும் எடுத்தார். அந்தக் கட்டைகளில் இன்றுவரை உளு இல்லை.

அளவு பேச உட்கார்ந்தோம். நூல் என்றால் எனக்குத் தைக்கிற நூல். அவருக்கு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. கரோலின் பிராட்டின் கட்டையை அவர் கணக்கில் சொன்னால் 11 நூல் கனம், 22 நூல் அகலம், 44 நூல் நீளம். அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கணக்கு தெரிஞ்சவங்க போட்ட அளவும்மா இது" என்றார். ஆனால் எங்கள் பலகை இழைத்த பிறகு 10 நூல்தான் நின்றது. பரவாயில்லை, 10, 20, 40 என்று மாற்றிக்கொண்டோம். அதாவது ஒன்றேகால் இஞ்ச் கனம், இரண்டரை இஞ்ச் அகலம், 5 இஞ்ச் நீளம். யாராவது செய்யப் போகிறீர்கள் என்றால் இதை மட்டும் மாற்றிச் செய்துவிடாதீர்கள்: முதலில் பலகையை இழைத்து முடித்து, கனம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அதை இரண்டால் பெருக்கினால் அகலம், அகலத்தை இரண்டால் பெருக்கினால் நீளம். புத்தகத்தில் இருக்கும் அளவைப் பிடித்துக்கொண்டு கனத்தை அதற்குப் பொருத்தப் போனால் பலகை வீணாகும்.

அப்படியும் ஒரு தவறு நடந்தது. தச்சரிடம் வேலை பழகும் தம்பி, நீளச் சட்டத்தில் 5 இஞ்ச், 5 இஞ்ச் என்று வரிசையாகக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே மெஷின் வாளை ஓட்டிவிட்டான். பார்வைக்கு எல்லாம் அழகாகத்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து சுவர் போல அடுக்கிப் பார்த்தேன். முதல் வரிசையில் முழுக்கட்டை இரண்டு, அதன் மேல் அரைக்கட்டை நான்கு. நுனி சேரவில்லை. தச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து விரலால் ஒரு தடவு தடவினார், அவ்வளவுதான்.

"வாள் ஒரு நூல் தின்னும்மா. தின்ற கணக்கை விட்டுட்டான்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. தையலுக்கு அரை இஞ்ச் விடாமல் உடம்பு அளவுக்கே துணியை வெட்டினால் ரவிக்கை என்ன ஆகும்? அதேதான். வாள் போகும் இடம் மரத்தூளாகிவிடுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நூல் போனால், கட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, ஒன்று போல ஒன்று இராது. அவர் அதற்குச் செய்த வழி மிக எளியது. மேசையில் வாளிலிருந்து சரியாக 40 நூல் தள்ளி ஒரு அளவுக்கட்டையை ஆணியடித்து நிறுத்தினார். சட்டத்தின் நுனியை அதில் முட்டவைத்து வெட்ட வேண்டும், மறுபடி தள்ளி முட்டவைத்து வெட்ட வேண்டும். கோடே கிடையாது. வாள் எவ்வளவு தின்றாலும் மிச்சச் சட்டத்தில்தான் தின்னும், கட்டையில் தின்னாது. குட்டையாகிப்போன கட்டைகளும் வீணாகவில்லை. எல்லாவற்றையும் 20 நூலுக்கு வெட்டி அரைக்கட்டை ஆக்கிவிட்டார்.

வாங்கிய செட் ஆனாலும் செய்த செட் ஆனாலும் நான் இப்போது செய்யும் சோதனை இதுதான். எட்டு அரைக்கட்டைகளை வரிசையாக ஒட்டி வையுங்கள். பக்கத்தில் நான்குமடங்குக் கட்டை ஒன்றை வையுங்கள். எங்கள் அளவில் இரண்டும் 20 இஞ்ச். இரண்டின் நுனியிலும் விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது. ஒவ்வொரு கட்டையிலும் மயிரிழை அளவு பிழை இருந்தால் அது எட்டு மடங்காகித் தெரிந்துவிடும். கடையில் நின்றுகொண்டே செய்யலாம், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

எங்கள் செட்டில் இருப்பவை: முழுக்கட்டை 40, அரைக்கட்டை 20, இரட்டை 16, நான்குமடங்கு 4. மொத்தம் 80 கட்டைகள், ஏறக்குறைய 16 கிலோ. சேதாரம் சேர்த்து ஒன்றரைக் கன அடிப் பலகை பிடித்தது. மரம் எங்கள் வீட்டுடையது. கூலி 1,900 ரூபாய் கொடுத்தேன், அவர் கேட்டது அதைவிடக் குறைவு. எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள் என்பது என் உறுதியான எண்ணம். பத்து வடிவத்தில் முப்பது கட்டை இருப்பதைவிட ஒரே அளவில் நாற்பது இருப்பது ஆயிரம் மடங்கு மேல். பாதிச் சுவரில் கட்டை தீர்ந்துபோனால் பிள்ளை எழுந்து போய்விடும்.

மெருகு வேலை நானே செய்தேன். 80-ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120, கடைசியில் 220. நார் ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும், சிலாம்பும் கிளம்பும். விளிம்பை மழுக்கும்போது கை அடங்க வேண்டும். பிள்ளைக்குக் குத்தக் கூடாதே என்று முதல் பத்துக் கட்டைகளை நன்றாக உருட்டிவிட்டேன். அவை நிறுத்தி வைத்தால் நிற்கவில்லை, இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் பள்ளம் விழுந்தது. தச்சர் இழைப்புளியை விளிம்பில் ஒரே ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். அது போதும். மாம்பலகைத் தூள் சிலருக்கு அரிப்பு தரும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பூச்சு பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். வார்னிஷும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். முதலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். அது மரத்தில் உலராது, பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, சில வாரத்தில் சிக்கு வாடை வந்துவிட்டது. ஆளி விதை எண்ணெய் உலரும். செக்கில் ஆட்டிய, சாப்பிடுகிற எண்ணெயாக வாங்கி, கொஞ்சம் தேன்மெழுகை அதில் இளஞ்சூட்டில் கரைத்து, மிக மெல்லியதாகத் தடவித் துடைத்து, மூன்று வாரம் காய விட்டேன். ஹார்டுவேர் கடையில் விற்கும் பாயில்டு லின்சீட் ஆயில் வேறு, அதில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு. இன்னொன்று, இது உயிர் விஷயம்: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். உலரும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள். துண்டுத் துணி மலையாகக் கிடக்கும் என் கடையில் அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்புதான்.

சரி, பிள்ளை என்ன செய்தான் என்று சொல்ல வேண்டுமே.

உளுத்துப்போன அந்த முதல் முப்பது கட்டைகள் வந்தபோதே அவன் ஒன்றும் கட்டவில்லை. சின்ன வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் கொட்டுவான். திரும்ப அள்ளி உள்ளே கொண்டுவருவான். நாள் முழுக்க இதே வேலை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நாத்தனாரைப் போனில் கேட்டேன். "அதுதான் முதல் படி அண்ணி. சுமக்கட்டும்" என்றாள். அமெரிக்காவில் ஹாரியட் ஜான்சன் என்ற ஆசிரியை பிள்ளைகள் கட்டை விளையாடுவதைப் பல காலம் உட்கார்ந்து பார்த்து 1933-ல் எழுதிவைத்த வரிசை ஒன்றைச் சொன்னாள். முதலில் சுமப்பார்கள், அப்புறம் அடுக்குவார்கள் அல்லது வரிசையாக வைப்பார்கள், அப்புறம் பாலம், அப்புறம் சுற்றி அடைப்பது. அதற்கெல்லாம் பிறகுதான் இது வீடு, இது கடை என்று பெயர் வைப்பது. வயது முன்பின் இருக்கும், வரிசை பெரும்பாலும் இதுதான். இது தெரியாமல் ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் "வீடு கட்டு, வீடு கட்டு" என்று நான் எத்தனை நாள் நச்சரித்திருக்கிறேன்!

பாலம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதுக் கட்டைகள் வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். இரண்டு முழுக்கட்டைகளை எதிரெதிரே நிறுத்தினான். மேலே வைக்க இன்னொரு முழுக்கட்டையை எடுத்தான். தூண்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். வைத்தது நேராக நடுவில் விழுந்தது. மறுபடி வைத்தான், விழுந்தது. கட்டையைத் திருப்பி வைத்தான், அகலப் பக்கம் கீழே வருகிற மாதிரி வைத்தான், விழுந்துகொண்டே இருந்தது. நான் தாங்கமாட்டாமல் மெஷினிலிருந்து இறங்கிப் போய் ஒரு தூணை நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான், ஒரே கத்தல். தூணைத் தட்டிவிட்டு, அது பழைய இடத்தில் நின்றால்தான் ஆயிற்று என்று அழுதான். தூணைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னும் ஐந்தாறு முறை விழுந்தது. பிறகு அவன் எழுந்து கூடைக்குப் போய், துழாவி, இரட்டைக்கட்டை ஒன்றைத் தூக்கிவந்தான். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலே இறக்கினான். நின்றது. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். தூணை நகர்த்துவதுதான் விடை என்று நான் நினைத்திருந்தேன். அவன் கண்டுபிடித்தது வேறு விடை.

அன்றிலிருந்து அவன் கேட்காமல் நான் கட்டையைத் தொடுவதில்லை. நன்றாக இருக்கிறது என்று சும்மா சொல்வதையும் விட்டுவிட்டேன். "அந்தப் பக்கம் ரெண்டு வச்சிருக்க, இந்தப் பக்கம் மூணு" என்று பார்த்ததை மட்டும் சொல்வேன். அதற்கு அவன் பதில் சொல்வான், பேச்சு வளரும்.

மூன்றே கால் வயதில் ஒரு நாள் கே.ஆர்.பி. அணைக்குப் போய் வந்தோம். மறுநாள் நான்குமடங்குக் கட்டைகளைப் படுக்க வைத்து, அதன் மேல் அரைக்கட்டைகளை நிறுத்தி மதகு வைத்தான். ஒரு இடத்தில் முழுக்கட்டை தீர்ந்துபோயிற்று. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு அரைக்கட்டைகளை ஒட்டிவைத்தான். பிறகு ஆள்காட்டி விரலை அணையின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக ஓட்டினான். எங்கும் தட்டவில்லை. "அம்மா, ரெண்டு குட்டி ஒரு பெருசு" என்றான். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த ஒரு நூலைத் தச்சர் விட்டுவிட்டிருந்தால் அவன் விரல் அங்கே தட்டியிருக்கும், அந்த வாக்கியம் அவன் வாயில் வந்திருக்காது.

மரக்கட்டை தவிர வேறு பழைய மர விளையாட்டுகளையும் பார்த்தோம். சன்னபட்னாவுக்கு ஒரு முறை போனோம், ஓசூர், பெங்களூரு வழியாக. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, சுழலும்போதே அரக்கை அழுத்தி வண்ணம் ஏற்றி, தாழை மடலால் மெருகு போடுகிறார்கள். பார்க்கப் பார்க்க ஆசை. கடைசலில் உருண்டையும் வளையமும் வருகிற மாதிரி சதுரம் வராது. அதனால் ஒன்றரை வயதுக்கு முன்னால் கிலுகிலுப்பை, வளைய அடுக்கு எல்லாம் அங்கே வாங்குங்கள். சதுரக் கட்டைக்கு உங்கள் ஊர்த் தச்சரே போதும்.

1914-ல் சார்லஸ் பஜோ என்ற அமெரிக்கக் கல் வேலைக்காரர் டிங்கர்டாய் என்று ஒன்று செய்தார். காலி நூல் கண்டில் பிள்ளைகள் பென்சிலைக் குத்தி விளையாடியதைப் பார்த்து வந்த யோசனை என்று சொல்வார்கள். தையல்காரி எனக்கு அதைக் கேட்டதும் செய்து பார்க்க ஆசை. வட்ட மரத்துண்டில் நடுவில் ஒரு துளை, விளிம்பைச் சுற்றி எட்டுத் துளை, அதில் குச்சி. எங்களுக்குச் சரிப்படவில்லை. மழைக்காலத்தில் குச்சி ஊதி உள்ளே போகவில்லை, வெயில் காலத்தில் கழன்று விழுந்தது. அசல் டிங்கர்டாயில் குச்சி நுனியைப் பிளந்து வைத்திருப்பார்கள், அது அமுங்கி விரிந்து பிடித்துக்கொள்ளும். அது தெரிந்தபோது நாங்கள் விட்டுவிட்டோம். வெட்டுவாய் வைத்த மரக்குச்சிகளை மாற்றி மாற்றி அடுக்கி வீடு கட்டும் லிங்கன் லாக்ஸ், முன்னே சொன்ன ஃபிராங்க் லாயிட் ரைட்டின் மகன் ஜான் செய்தது, நான்கைந்து வயதுக்கு மேல் நல்லது. அதற்கு முன் வேண்டாம்.

மாம்பலகை கிடைக்காதவர்களுக்கு: ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளிலிருந்து கழிக்கும் பேக்கிங் பலகை மலிவாகக் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதைத் தொடாதீர்கள். முத்திரையே இல்லாததையும், எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை உள்ளதையும் விட்டுவிடுங்கள். மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் வேண்டாம், ஈரம் பட்டால் ஊதும், பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் இருக்கும். அரளி, எட்டி போன்ற மரங்கள் பக்கமே போகக் கூடாது. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் அடங்கும் அளவில் இருக்கக் கூடாது, பொம்மைச் சோதனையில் அந்த அளவைத்தான் வைத்திருக்கிறார்கள். கழுவ வேண்டுமென்றால் பிழிந்த ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும், ஊறவைக்காதீர்கள்.

கூடையைச் சீக்கிரமே எடுத்துவிட்டோம். கூடையில் கொட்டினால் எந்தக் கட்டை எங்கே என்று தெரியாது, எடுத்து வைப்பதும் சண்டை. தச்சர் உயரம் குறைந்த ஒரு திறந்த அலமாரி செய்து கொடுத்தார். தட்டில் ஒவ்வொரு அளவுக்கும் கட்டையைப் படுக்கவைத்துச் சாக்பீஸால் கோடு போட்டேன், தையல்காரியின் கை அல்லவா. பிள்ளை அந்தக் கோட்டைப் பார்த்துத் தானே அடுக்குகிறான். சாப்பிடக் கூப்பிடும்போது பாதி கட்டிய அணை இருந்தால் அதைக் கலைக்கச் சொல்வதில்லை. அறையின் ஒரு மூலை அவனுக்குத்தான், தாண்டித்தான் போகிறோம்.

இப்போது அவனுக்கு நான்கு வயது ஆகப் போகிறது. பெரிய மாரியம்மன் கோயில் வாசல் கட்ட வேண்டுமாம், வளைவு வேண்டுமாம். தச்சரிடம் அவனே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். இரட்டைக்கட்டைக்குள் முழுக்கட்டை அகலத்துக்கு வளைத்து அறுத்தால், உள்ளே விழும் துண்டும் அரைவட்டமாக உதவும் என்று அவர் தாளில் போட்டுக் கொடுத்தார். அதற்கும் அளவு 10 நூலிலிருந்துதான் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மெல்லிய வாள் என்பதால் இந்த முறை அரை நூல்தான் தின்னுமாம். கொட்டகையில் இன்னும் நான்கு பலகைகள் இருக்கின்றன. போன வாரம் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தேன். மழையில் கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கிறது. தை வரட்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.